யேசுவடியாளின் கட்டிகள்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது புதிதாக ஒரு அறை கட்டியிருக்கிறார்கள். நோயாளியின் ரத்தத்தில் ஒரு துளியோ சதையில் ஒரு துணுக்கோ எடுத்து அங்கே அனுப்பினால், வியாதியின் பெயர் எழுதி வந்துவிடுகிறது. திறப்பு விழாவுக்குப் பழைய நர்ஸ் என்று என்னையும் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். மாலை முழுக்க எறும்பு. விழா முடிந்ததும் இளம் நர்சுகள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "இதெல்லாம் இல்லாத காலத்துல வியாதியை எப்படிப் பெரியம்மா கண்டுபிடிச்சிய?" என்று கேட்டார்கள். கண்டுபிடித்தோம் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தகப்பனார் சீவலப்பேரியில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா பெண்களுக்கென்று நடத்திய ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார். ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது அது. படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆற்றிலிருந்து வண்டியில் வரும் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், கத்தி கத்தரிக்கோலை வேகவைக்க வேண்டும், புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும், கத்துகிற பெண்ணின் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் டாக்டரம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

டாக்டரம்மா ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம். தமிழை வேதப்புத்தகத்திலும் ஒரு முன்ஷியிடமும் படித்தவர். "ஸ்திரீயே, உனக்கு எவ்விடத்தில் நோகிறது?" என்று அவர் ஆரம்பித்தால் நோயாளிகள் நோவை மறந்து வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவர் கவலைப்பட மாட்டார். கையைக் கழுவித் துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் சூடு வரத் தேய்த்துக்கொண்டுதான் ஒருத்தியைத் தொடுவார். அதுவும் வலிக்கிற இடத்தை அல்ல. வலது கையில் வலி என்றால் இடது கையைத்தான் முதலில் தொடுவார். நான் அவசரப்பட்டு நேரே வலிக்கிற இடத்தை அமுக்கினால், "நோவில்லாத இடத்தை முதலில் தொடு. அவள் உன் கையோடு சிநேகம் ஆகட்டும்" என்பார்.

இவ்வளவு நல்ல மனுஷியிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவார். மாட்டுவண்டி கட்டி, வழியில் தங்கி, சோறு பொங்கித் தின்று வந்து சேர்ந்த ஜனங்களிடம், "இது இன்னதென்று எனக்குத் தெரியவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வார். எனக்கு மானம் போகும். எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் நாடியைத் தொட்டதுமே வாயுவோ பித்தமோ, ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்து அனுப்புவார். பெயர் கிடைத்தாலே பாதி வியாதி இறங்கிவிடும். ஒருநாள் மனசு பொறுக்காமல், ஒரு பெயரைச் சொல்லித்தான் அனுப்பினால் என்ன என்று கேட்டுவிட்டேன். "சொல்லிவிட்டால் அதன்பின் நான் தேடமாட்டேனே" என்றார். 

அந்த நாட்களில் கட்டி என்றால் உள்ளே ஏதாவது இருக்கும் என்பது என் நினைப்பு. அதற்குக் காரணமும் உண்டு. ஒரு பனங்காட்டுக்காரப் பெண் பின்தொடையில் வீங்கிய கட்டியோடு வந்தாள். டாக்டரம்மா கீறினார். சீழோடு விரல்நீளப் பனைச் சிராய் ஒன்று வெளியே வந்தது. எப்போது குத்தியது என்று அவளுக்கே நினைவில்லை. சிராயை ஒரு துணியில் முடிந்து அவளிடமே கொடுத்தோம். அவள் அதை ஊரெல்லாம் காட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு தெற்கேயிருந்து கட்டிக்காரர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவள்தான் யேசுவடியாள்.

ராதாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்மண் காட்டு ஊர். புருஷன் அருளப்பன் பனையேறி. அவன் இறக்கும் பதநீரை இவள் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொதிக்கிற பதநீர் பாகு ஆகும்வரை துடுப்பை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். அவளுடைய இரண்டு முன்கைகளிலும் தொடைகளிலும் தோலுக்கு அடியில் கட்டிகள் இருந்தன. சில சுண்டைக்காய் அளவு, சில நெல்லிக்காய் அளவு. மேலே தோல் சிவக்கவில்லை, காய்ச்சல் இல்லை, சீழும் இல்லை. ஆனால் சேலை முந்தானை உரசினாலே பல்லைக் கடிப்பாள். இடுப்பில் பால்குடி மறவாத ஒரு பெண்குழந்தை. அதைத் தூக்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கி விரிவதை நான் பார்த்தேன்.

அவர்களோடு ஊர் உபதேசியாரும் வந்திருந்தார். ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், இல்லாத நாளில் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர், பள்ளிக்கூடமும் அவர்தான். நல்லவர், ஆனால் எல்லாம் தனக்குத் தெரிய வேண்டும் என்பவர். அவர் வெற்றிலை துப்ப வெளியே போன சமயம் அருளப்பன் என்னிடம் குனிந்து, "வைத்தியர் சூடு போட்டாரு, பத்து போட்டாரு, ஒண்ணும் கேக்கல. எங்க அம்மை திருச்செந்தூருக்குப் போயி இலை விபூதி வாங்கியாந்து பூசிச்சு. அதுக்கும் கேக்கல. உபதேசியாருட்ட சொல்லிராதீய நர்சம்மா" என்றான். உபதேசியார் திரும்பி வந்து வேறு விஷயம் சொன்னார். "ஊருல இதைப் பெருவியாதிங்காவ அம்மா. கருப்பட்டி வாங்க வாரவன் இவ வீட்டுப் பக்கமே வாரதில்ல. திருவிருந்துல இவ வாய் வச்ச பாத்திரத்துல நாங்க வாய் வைக்க மாட்டோம்னு பொம்பளைய ஒத்தக்கால்ல நிக்காவ."

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைகளில் திருவிருந்துக்கு ஒரே பாத்திரம்தான். ஐயர் மூன்று மாசத்துக்கு ஒருமுறை வந்து, முழங்காலில் நிற்கிறவர்களுக்கு வரிசையாக அப்பத்தையும் பிறகு அந்தப் பாத்திரத்தையும் கொடுப்பார். அந்தப் பாத்திரம் மறுக்கப்பட்டவள் ஊரில் இருந்தும் இல்லாதவள்தான். அடுத்தபடி அவளைக் குஷ்டரோகிகள் விடுதிக்கு அனுப்பச் சொல்வார்கள். பிள்ளையை அவளோடு அனுப்ப மாட்டார்கள். யேசுவடியாளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "வலி கிடக்கட்டும் அம்மா. என் பிள்ளையை எங்கிட்டருந்து பிரிச்சிராதீய. அது மட்டும் போதும்" என்றாள்.

டாக்டரம்மா சோதனை போட்டார். அவள் கண்ணைத் துணியால் கட்டினோம். முதலில் பஞ்சைத் திரித்து அதன் நுனியால் தோலைத் தொட்டார். தொட்ட இடத்தை அவள் விரலால் காட்ட வேண்டும். பிறகு சேவல் இறகு. பிறகு ஊசியின் முனையையும் கொண்டையையும் மாற்றி மாற்றி வைத்து, "கூரா, மழுங்கலா?" என்று கேட்டார். பிறகு வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் ஊற்றிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள். அவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கட்டியின் மேல் பஞ்சு பட்டபோதே, "யம்மா!" என்று துள்ளினாள். உபதேசியார் கழுத்தை நீட்டி, ஒவ்வொன்றையும் பாடம் கேட்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குஷ்டரோகம் தொட்ட இடம் மரத்துப்போகும். இவளுக்கோ பஞ்சு பட்டாலே நோகிறது. ஆகையால் இது அதுவன்று என்று எண்ணுகிறேன்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப இது எதும்மா? ஊருல போயி நான் என்ன சொல்ல?"

"எனக்குத் தெரியவில்லை."

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் வேகவைத்த கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

ஒரு கட்டியை எடுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. முன்கையில் கீறி எடுத்தோம். உள்ளே சிராய் இல்லை, சீழ் இல்லை, கோழிக்கொழுப்பு மாதிரி மஞ்சளாக ஒரு உருண்டை இருந்தது. யேசுவடியாள் அதைப் பார்க்கவேண்டும் என்றாள். தட்டில் காட்டினேன். "இதுவா என்னை இந்தப் பாடு படுத்திச்சு?" என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பை ஜன்னல் ஓரம் தூக்கிவைத்து, வெளிச்சம் போகும்வரை அதன்மேல் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது, "கொழுப்பு. வெறும் கொழுப்பு. கொழுப்பு ஏன் நோகவேண்டும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கீறிய புண் ஆறுவதற்குள் தழும்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்று முளைத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியாத ஒரு கோபம் வந்தது.

கடைசியில் வலிக்குப் பூச ஒரு தைலம் கொடுத்தார். வச்சநாபிக் கிழங்கின் சத்தும் வேறு இரண்டு மருந்தும் கலந்தது. விஷம். தேய்த்தால் முதலில் சுருசுருவென்று இருக்கும், பிறகு அந்த இடத்தில் வலி தெரியாது. பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தொடாதே என்று நான் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே தேய்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் பிள்ளையின் மூக்கைத் துணியால் துடைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு வண்டி ஏறினாள்.

அடுத்த திருவிருந்து முடிந்ததும் அவர்கள் திரும்பி வந்தார்கள். இந்த முறை அருளப்பன் கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. பிள்ளை அவர்களோடு வரவில்லை. உபதேசியார் வண்டியிலிருந்து இறங்கும்போதே அழுதார்.

நடந்தது இதுதான். ஊர் வாயை அடைக்க வேண்டும், இவளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று உபதேசியார் நினைத்திருக்கிறார். திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆராதனைக்கு முன்னால், கோயில் வாசலில் சபையார் எல்லாரையும் கூட்டி, டாக்டரம்மா செய்த சோதனையைத் தானே செய்துகாட்டப் போகிறேன் என்றிருக்கிறார். யேசுவடியாளின் கண்ணைக் கட்டி, தையல் ஊசியை எடுத்து முன்கையில் குத்தியிருக்கிறார்.

"எங்கன குத்துதேன், சொல்லு?"

"இன்னும் குத்தலையே."

இன்னும் அழுத்திக் குத்தியிருக்கிறார். ரத்தம் துளிர்த்தது. "குத்துங்க உபதேசியாரே, நான் சொல்லுதேன்" என்று அவள் சொன்னாளாம். கண்கட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தால் கையில் ரத்தம். சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்கிவிட்டார்கள். ஆராதனையில் ஐயர் அவளுக்கு அப்பத்தைக் கொடுத்தார். பாத்திரம் வந்தபோது அவளைத் தாண்டி அடுத்தவளுக்கு நீட்டினார். அன்று சாயங்காலமே மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டரம்மா கையைக் கழுவி, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, மறுபடி கண்ணைக் கட்டினார். பஞ்சு, இறகு, ஊசி. முன்கை இரண்டும் மரக்கட்டைதான். கூரும் மழுங்கலும் அவளுக்கு ஒன்றாயிருந்தது. டாக்டரம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவருக்குத் தெரியாது என்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் தன்னையே நம்பாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். பஞ்சு பட்டுத் துள்ளிய கைதானே இது? இடைப்பட்ட நாளில் என்ன நடந்தது? அருளப்பன் மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, "இவளை விடுதிக்கு எப்பம்மா அனுப்புவிய?" என்று கேட்டான்.

டாக்டரம்மா யேசுவடியாளின் கையைத் தூக்கி, அருகே குனிந்தார். முத்தமிடப் போகிறாரோ என்று நினைத்தேன். முகர்ந்தார்.

"மகளே, இன்றைக்குத் தைலம் பூசினாயா?"

"பூசினேம்மா. வண்டி குலுக்கல் தாங்காதுல்லா."

"திருவிருந்து நாளில்?"

"அன்னைக்கும்தான். முழங்கால்ல நிக்கணும், கையை ஏந்தணும். முகம் சுளிச்சா ஐயர் என்ன நினைப்பாரோன்னு விடியங்காட்டியும் எந்திச்சு நல்லா அழுந்தத் தேச்சேன்."

டாக்டரம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார், அழுதார், இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவளுடைய கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். நாங்கள் எல்லாரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவளுக்கு வலி வருவதற்காகக் காத்திருந்தோம். ஆமாம், காத்திருந்தோம். உபதேசியார் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். வெயில் சாயும் நேரத்தில் யேசுவடியாள் தூணில் சாய்ந்திருந்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "வந்திட்டும்மா" என்றாள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் வந்த வலியை ஊர் எப்படி நம்பும்? டாக்டரம்மா வாயால் சொன்னால் போதும் என்றேன். "அன்று பாத்திரம் தாண்டிப்போன இடத்திலேயே இது நடக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். ஐயருக்குச் சொல்லியனுப்பி நாள் வைத்தார்கள். அதுவரை அவள் ஆஸ்பத்திரியில் எங்களோடு இருந்தாள். தைலம் கிடையாது. அந்த நாட்களில் அவள் பட்டதை நான் எழுதப்போவதில்லை. பாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டிதான். ஒருநாள் மனசு கேளாமல் கொஞ்சமாவது பூசிவிடட்டுமா என்று கேட்டேன். கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "வேண்டாம் நர்சம்மா, பிள்ளை அங்கன கிடக்கு" என்றாள்.

நாங்குநேரி வழியாக வண்டியில் போய்ச் சேர்ந்தோம். கோயில் வாசலில் ஊரே நின்றது. டாக்டரம்மா ஊசியை எடுத்து உபதேசியாரிடமே நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். "பைய, உபதேசியாரே, பைய" என்று அருளப்பன் மட்டும் முணுமுணுத்தான். கண்ணைக் கட்டியிருந்த யேசுவடியாள் முதல் குத்துக்கே இடத்தைக் காட்டினாள். இரண்டாவதையும் காட்டினாள். மூன்றாவது குத்து கட்டியின் மேலேயே பட்டுவிட்டது. அவள் போட்ட கூச்சலில் பனைமரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. உடனே கூட்டம் முழுக்க, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று சத்தம் போட்டது. சில பெண்கள் கையைத் தட்டினார்கள். எனக்குப் பற்றி எரிந்தது. ஒருத்தி வலி தாங்காமல் அலறுகிறாள், இவர்களுக்கு அது சந்தோஷமா? நாலு வார்த்தை கேட்டிருப்பேன். டாக்டரம்மா என் தோளில் கைவைத்து அமுக்கிவிட்டார்.

அன்றைய திருவிருந்தில் பாத்திரம் அவளிடம் நின்றது. குடித்தாள். அவளுக்கு அடுத்து முழங்காலில் நின்றவள் ஒரு கணம் தயங்கினாள், பிறகு அவளும் குடித்தாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மாமியார் பிள்ளையை நீட்டினாள். யேசுவடியாள் அதை இரண்டு கையாலும் வாங்கி இறுக்கிக்கொண்டாள். எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் இறுக்கத்தைத் தளர்த்தவில்லை.

புறப்படும்போது டாக்டரம்மா புதுக்குப்பி ஒன்றை நீட்டினார். யேசுவடியாள் வாங்கவில்லை.

"இனிமேல் ஒருவரும் உன்னைச் சந்தேகிக்க மாட்டார்கள். பூசிக்கொள். வீணாக நோவைச் சுமக்காதே" என்றார் டாக்டரம்மா.

"அம்மா, இது என்ன வியாதின்னு இப்பமாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியவில்லை."

"அப்ப தெரியுத வரைக்கும் வலிக்கட்டும். இதைப் பூசி நான் மரத்துக் கிடக்கும்போது எவளாவது ஊசியைக் கொண்டு வந்தா, என் பிள்ளை போச்சு."

வண்டி பாளையங்கோட்டை வந்து சேரும்வரை அந்தக் குப்பி டாக்டரம்மாவின் மடியிலேயே இருந்தது. அதற்குப் பிறகு சீமையிலிருந்து வந்த எத்தனையோ புத்தகங்களில் அவர் கொழுப்பையும் வலியையும் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் சீமைக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கேயே காலமானார் என்று கேள்வி.

திறப்பு விழா அன்றைக்கே புது அறையின் டாக்டரிடம் இதைச் சொன்னேன். கொழுப்புக் கட்டியே இப்படி வலிக்கிற வியாதி ஒன்று உண்டு, அபூர்வம் என்றார். பக்கத்திலிருந்த இன்னொருவர், குஷ்டத்திலும் வலிக்கிற கட்டி வரும், நீங்கள் செய்த சோதனை மட்டும் போதாது என்றார். இருவரும் என் எதிரேயே வாதாடிக்கொண்டார்கள். நான் மாலையிலிருந்த எறும்பைத் தட்டிக்கொண்டு கேட்டேன். அப்படியானால் ஊசியால் குத்தி நாங்கள் எதைத்தான் நிரூபித்தோம்? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

யேசுவடியாளைக் கடைசியாக ஒரு கோயில் பண்டிகையின் அசன விருந்தில் பார்த்தேன். நான் வேலையிலிருந்து நின்ற வருஷம் அது. பந்தியில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தலை முழுக்க நரை. பக்கத்தில் டீச்சர் வேலை பார்க்கும் மகள், அவள் மடியில் ஒரு குழந்தை. இலையில் சோறு விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் என் முன்கையைத் தொட்டுக்காட்டி, எப்படி இருக்கிறது என்று சாடையாகக் கேட்டேன். அவளுக்கு உடனே புரிந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி, "நல்லா வலிக்கி நர்சம்மா!" என்றாள்.

"ஸ்தோத்திரம்" என்றேன் நான்.